இலகுரக ஸ்போர்ட்ஸ் காருக்குப் பின் டிஸ்க்: எவ்வளவு பெரிசு போதும்?

கேள்வியை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வேளச்சேரி நண்பர் ஒருவர் டியூப் சேஸியில் தானே ஒரு டூ சீட்டர் கட்டியிருக்கிறார். ஜிப்ஸியின் 1.3 லிட்டர் எஞ்சின், டிரம் பிரேக்கோடு ஆம்னியின் பின் ஆக்ஸில். முன் டிஸ்க் பிரேக்கும், பெடல் மிதியை ஆயில் அழுத்தமாக்கும் மாஸ்டர் சிலிண்டரும் ஒரு மாருதி ஹேட்ச்பேக்கிலிருந்து எடுத்தவை. வெறும் வண்டி 580 கிலோ, ஓட்டுபவரோடு 650. எடை முன்னும் பின்னும் ஏறக்குறையப் பாதிப் பாதி. ரோட்டில் ஓட்டுவதில்லை, டிரக்கில் ஏற்றி இருங்காட்டுக்கோட்டை ரேஸ் டிராக்குக்குக் கொண்டுபோய் ஓட்டுகிறார். சில சுற்றுகள் போனதும் பெடல் கீழே இறங்குகிறது, பின்னாலிருந்து கருகல் வாடை. புதுப்பேட்டைப் பழைய சாமான் கடைகளில் 38 மி.மீ. பிஸ்டன் உள்ள பின் கேலிப்பர் (டிஸ்க்கின் மேல் பேடை அழுத்தும் பாகம்) ஜோடியும் டிஸ்க்கும் கிடைக்கிறதாம். "பெரிசாப் போட்டா நல்லா பிடிக்கும்தானே?" என்பது கேள்வி.

டிஸ்க் போடுங்கள். ஆனால் அந்த 38-ஐ வாங்காதீர்கள். ஏன் என்று சொல்ல இந்தப் பதில் கொஞ்சம் நீளும்.

அதற்கு முன் அந்தப் பெடல். "பெடல் இறங்குது" என்று எல்லோரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறார்கள். அதற்குள் மூன்று வேறு வியாதிகள் இருக்கின்றன. பெடல் கீழே போனாலும் காலுக்குக் கெட்டியாக நிற்கிறது, ஒருமுறை பம்ப் செய்தால் மேலே வருகிறது என்றால், டிரம் சூட்டில் விரிந்திருக்கிறது. டிரம் விரியும்போது, உள்ளிருந்து உரசிப் பிடிக்கும் ஷூவை விட்டு விலகிப் போகும். ஷூ கூடுதல் தூரம் நகர்ந்துதான் தொட வேண்டும். டிஸ்க்கில் இந்தத் தொல்லை கிடையாது, சூட்டில் அது தடிக்கத்தான் செய்யும், பேடை நோக்கியே வரும். இரண்டாவது, பெடல் ஸ்பாஞ்ச் மாதிரி மெத்தென்று இருப்பது. இது பிரேக் ஆயில் கொதித்து உள்ளே ஆவிக் குமிழ் கட்டியதன் அடையாளம். மூன்றாவது, பெடல் உயரமாகவும் கெட்டியாகவும் இருக்கிறது, எவ்வளவு மிதித்தாலும் வண்டி மட்டும் நிற்கவில்லை. அது ஷூவின் லைனிங்கோ பேடோ சூட்டில் உராய்வை இழந்துவிட்டது. நீங்கள் சொல்லும் கருகல் வாடையையும் சேர்த்துப் பார்த்தால் உங்களுக்கு முதலாவதும் மூன்றாவதும் கலந்து இருக்கலாம். அடுத்த முறை டிராக் ஓரத்துப் பிட்டுக்குள் வந்ததும் எஞ்சினை அணைக்கும் முன் பெடலை மெதுவாக மிதித்துப் பாருங்கள், எது என்று கால் சொல்லிவிடும். இரண்டாவது வியாதியாக இருந்தால் டிஸ்க்குக்குச் செலவழிக்கத் தேவையே இல்லை, ஆயிலை மாற்றினால் போதும்.

சரி, இப்போது கணக்கு.

பிரேக் பிடிக்கும்போது எடை முன்பக்கம் சாய்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். எவ்வளவு சாய்கிறது என்பதை யாரும் உட்கார்ந்து போட்டுப் பார்ப்பதில்லை. மொத்த எடையை, பிரேக்கின் வேகக் குறைப்பால் (ஜி கணக்கில், ஒரு ஜி என்றால் புவியீர்ப்பின் முடுக்கம்) பெருக்கி, எடை மையத்தின் உயரத்தால் பெருக்கி, வீல்பேஸால் (முன், பின் ஆக்ஸில்களுக்கு இடைத்தூரம்) வகுக்க வேண்டும், அவ்வளவுதான். உங்கள் காருக்கு எடை மையம் தரையிலிருந்து 45 செ.மீ., வீல்பேஸ் 2.3 மீட்டர் என்று வைத்துக்கொள்கிறேன். இந்த வகைக் காருக்குப் பொருத்தமான அளவுதான், நீங்கள் அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். 0.9 ஜி-யில் பிடித்தால் சுமார் 115 கிலோ முன்னால் போகிறது. பின்னால் 325 கிலோ இருந்தது 210 ஆகிறது. அதாவது மொத்தத்தில் 32 சதவீதம் இன்னும் பின் சக்கரங்கள் மேல்தான் இருக்கிறது.

இதையே ஒரு சாதாரண முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக்குக்குப் போடுங்கள். 900 கிலோ, அதில் 62 சதவீதம் ஏற்கெனவே முன்னால், எடை மையம் 55 செ.மீ. உயரத்தில், வீல்பேஸ் 2.4 மீட்டர். அதே 0.9 ஜி-யில் பின்னால் மிஞ்சுவது 17 சதவீதம்தான். ஹேட்ச்பேக்கின் பின் டிரம் ஏன் அவ்வளவு சின்னதாக இருக்கிறது என்பதற்கு இதுதான் காரணம். கம்பெனிக்காரன் காசு மிச்சம் பிடித்தான் என்று மட்டும் நினைக்க வேண்டாம், அங்கே அதற்கு மேல் வேலையே இல்லை.

உங்கள் காரில் பின் பிரேக்குக்கு ஹேட்ச்பேக்கைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு வேலை இருக்கிறது. ஆனால் முன் டிஸ்க்கும் மாஸ்டர் சிலிண்டரும் ஹேட்ச்பேக் கணக்கில் வந்தவை. ஆகவே பின்னால் மேம்படுத்த வேண்டும் என்ற உங்கள் எண்ணம் சரிதான். இலகுரக ஸ்போர்ட்ஸ் கார் செய்கிறவர்களும் இதைத்தான் செய்திருக்கிறார்கள். முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5 1.6-ல் முன் டிஸ்க் 235 மி.மீ., பின் டிஸ்க் 231. 1994-ல் 1.8 லிட்டர் வந்தபோது 255, 251. முதல் தலைமுறை லோட்டஸ் எலீஸில் நான்கு சக்கரத்திலும் ஒரே 282 மி.மீ. டிஸ்க். டிஸ்க்கின் அளவில் முன்னுக்கும் பின்னுக்கும் வித்தியாசமே இல்லாத மாதிரி இருக்கும். வித்தியாசத்தைக் கேலிப்பரில் வைத்தார்கள்: எலீஸில் முன்னால் எதிரெதிரே இரண்டு பிஸ்டன், பின்னால் ஒற்றைப் பிஸ்டன் ஸ்லைடிங் கேலிப்பர்.

கவனிக்க வேண்டியது அதைத்தான். பின்னால் எவ்வளவு பெரிய டிஸ்க் என்பதை விட, எவ்வளவு பிஸ்டன் என்பதே முன்-பின் பங்கைத் தீர்மானிக்கிறது. பிஸ்டன் பரப்பு, ஆயில் அழுத்தம், பேடின் உராய்வு, டிஸ்க்கின் வேலை ஆரம், இந்த நான்கின் பெருக்கலோடுதான் சக்கரத்தைப் பிடிக்கும் முறுக்கு விசை ஏறி இறங்கும். பரப்பு என்பது விட்டத்தின் வர்க்கத்தோடு ஏறும், அதனால் விட்டத்தில் சில மி.மீ. கூடினாலே கணக்கு எங்கேயோ போய்விடும். உங்கள் முன் கேலிப்பர் 48 மி.மீ. ஒற்றைப் பிஸ்டன் என்று கொள்வோம், பரப்பு 1810 சதுர மி.மீ. முன்னும் பின்னும் ஒரே ஆரம், ஒரே பேடு, இடையில் வால்வு எதுவும் இல்லை. இந்த நிலையில்:

பின்னால் 38 மி.மீ. போட்டால் பரப்பு 1134. பின் பங்கு 38.5 சதவீதம். 0.59 ஜி-யைத் தாண்டினால் பின் சக்கரம்தான் முதலில் லாக் ஆகும், அதாவது உருளாமல் நின்றுவிடும்.

34 மி.மீ. போட்டால் பரப்பு 908, பங்கு 33.4 சதவீதம். 0.85 ஜி வரை முன் சக்கரம் முதலில் லாக் ஆகும், அதற்கு மேல் பின்.

30 மி.மீ. போட்டால் பரப்பு 707, பங்கு 28 சதவீதம். 1.1 ஜி வரை முன் சக்கரமே முதலில்.

முன் சக்கரம் லாக் ஆனால் வண்டி திரும்ப மறுத்து நேராகப் போகும். டிராக்கை ஒட்டிய ரன்-ஆஃப் மண்ணில் போய் மண் தின்றுவிட்டு வருவீர்கள். பின் சக்கரம் லாக் ஆனால் கதை வேறு. உருளாமல் சறுக்கும் டயருக்குப் பக்கவாட்டுப் பிடி ஏறக்குறைய இல்லை. முன் டயருக்கோ இன்னும் இருக்கிறது. பின்பக்கம் முன்பக்கத்தை முந்தப் பார்க்கும். வீல்பேஸ் குட்டையான, எடையில்லாத காரில் இது ஸ்டியரிங்கால் திருத்தும் வேகத்தை விட வேகமாக நடக்கும். மெயின் ஸ்ட்ரெய்ட் முடிவில், கியரைக் குறைத்துக்கொண்டே கொஞ்சம் ஸ்டியரிங்கையும் ஒடித்தபடி பிரேக் போடும் இடத்தில் இதை நினைத்துப் பாருங்கள். போதாததற்குப் பின்சக்கர இழுவை. கியர் குறைக்கும்போது எஞ்சின் இழுப்பதும் பின் சக்கரத்தின் கணக்கில்தான் சேரும். பஸ்டாண்ட் டீக்கடையில் யாரைக் கேட்டாலும் பெரிசாப் போடு என்றுதான் சொல்வார்கள். இந்தக் கணக்கில் பெரிசு என்பது பின்னாலிருந்து வரும் ஆபத்து.

நான் என்றால் 30-க்கும் 32-க்கும் நடுவில் நிற்பேன். பிடி நல்ல டயர் போட்டு, காய்ந்த தளத்தில் மட்டும் ஓட்டினாலும் 34-க்குத் தாவ மாட்டேன். டயர் பிடி கூடக்கூட எடை முன்னால் இன்னும் சாயும், பின்னுக்கு உரிய பங்கு இன்னும் குறையும். ஒட்டும் டயர் வாங்கியவர்கள் இதைத் தலைகீழாகப் புரிந்துகொண்டு பின் பிரேக்கை ஏற்றுவதைப் பார்த்திருக்கிறேன்.

"பெரிசா போட்டுட்டு வால்வு வச்சுக் குறைச்சுக்கலாமே" என்பீர்கள். சீட்டுக்குப் பக்கத்தில் திருகு வைத்த ப்ரொபோர்ஷனிங் வால்வு நல்ல பொருள்தான். ஆனால் அது ஒரு குறிப்பிட்ட அழுத்தத்துக்கு மேல் பின் லைனின் ஏற்றத்தைத் தணிக்க மட்டுமே செய்யும். மெல்லமாக மிதிக்கும்போது அது இருப்பதே தெரியாது, அப்போது 38-இன் முழுப் பங்கும் பின்னால் போகும். மழையில் ஓட்டும்போது நீங்கள் மிதிப்பது அந்த மெல்லிய மிதிதான். முதலில் பிஸ்டனைச் சரியாகத் தேர்ந்தெடுங்கள், வால்வை நுணுக்கத் திருத்தத்துக்கு வையுங்கள்.

அதை வைப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு, உங்கள் காரில் கட்டாயம் பார்க்க வேண்டியது. முன்சக்கர இழுவை ஹேட்ச்பேக்குகளில் பெரும்பாலும் ஆயில் லைன் குறுக்காகப் பிரிந்திருக்கும்: மாஸ்டர் சிலிண்டரின் ஒரு பகுதி இடது முன், வலது பின், மற்றது வலது முன், இடது பின். ஒரு பக்கம் கசிந்தாலும் ஒரு முன் சக்கரம் மிஞ்சட்டும் என்று அப்படி வைப்பார்கள். உங்கள் காரிலும் மாஸ்டர் சிலிண்டரோடு அதே பைப்பிங்கையும் கொண்டுவந்திருந்தால், ஒரே வால்வு வைத்துப் பின்னால் இரண்டையும் கட்டுப்படுத்த வழி இல்லை. ஒற்றை வால்வை இரண்டு பின் லைனுக்கும் பொதுவாக்கினால் இரண்டு சர்க்யூட்டும் ஒன்றாகிவிடும், ஒரு கசிவில் மொத்தமும் போகும். முன்னுக்கு ஒன்று, பின்னுக்கு ஒன்று என்று பைப்பை மறுபடி ஓட்டுங்கள். ஹேட்ச்பேக்கின் மாஸ்டர் சிலிண்டரிலோ அதை ஒட்டியோ கம்பெனி வைத்த வால்வு இருந்தால் அதையும் எடுத்துவிடுங்கள், அது அந்தக் காரின் 17 சதவீதத்துக்காக வைத்தது. டிரம்முக்காகச் சில மாஸ்டர் சிலிண்டர்களில் லைனில் கொஞ்சம் அழுத்தம் தேக்கிவைக்கும் சின்ன வால்வு இருக்கும். டிஸ்க் போட்ட பின் அது இருந்தால் பேடு எப்போதும் உரசிக்கொண்டே இருக்கும்.

டிஸ்க்கைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டாம். மணிக்கு 140-லிருந்து 60-க்கு இறங்கினால் உங்கள் கார் கொட்டும் சக்தி சுமார் 400 கிலோஜூல். பின் பங்கு 30 சதவீதம் என்றால் ஒரு பின் டிஸ்க்குக்கு 60. நான்கு கிலோ வார்ப்பிரும்பு டிஸ்க் அதில் 33 டிகிரி போல ஏறும், அடுத்த திருப்பத்துக்குள் கொஞ்சம் ஆறிவிடும். சாலிட் டிஸ்க் தாராளம். நடுவில் காற்றுவழி விட்ட வென்டிலேட்டட் டிஸ்க் பின்னால் வெறும் கனம், ஸ்பிரிங்குக்குக் கீழே தொங்கும் கனம். ஓட்டை போட்ட, கோடு கிழித்த டிஸ்க்குகள் போட்டோவுக்கு நன்றாக இருக்கும்.

ஹேண்ட் பிரேக்கை விட்டுவிடாதீர்கள், டிராக் காராக இருந்தாலும் சரிவான பிட்டிலும் டிரக் மேலும் வண்டி நிற்க வேண்டும். பின் டிஸ்க்கோடு வந்த கார்களின் கேலிப்பரில் ஹேண்ட் பிரேக் நெம்புகோல் உள்ளேயே இருக்கும். நம் ஊரில் அப்படி வந்தவை அதிகமில்லை; பலேனோ ஆர்எஸ், லீனியா டி-ஜெட், பழைய சிவிக், ஆக்டேவியா போன்றவை. புதுப்பேட்டையில் தேடும்போது மாடல் பெயரை நம்பாமல் வெர்னியரைக் கையில் கொண்டுபோய்ப் பிஸ்டனை நீங்களே அளந்துவிடுங்கள். இரண்டும் ஒரே காரிலிருந்து கழற்றியதா என்று கேளுங்கள். கேலிப்பர் வழுக்கி நகரும் தண்டான ஸ்லைடிங் பின் விரலால் நகர வேண்டும். டஸ்ட் பூட்டை (தூசி தடுக்கும் ரப்பர் உறை) தூக்கிப் பிஸ்டன் ஓரத்தில் துருப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். கடற்காற்றில் நின்ற வண்டியென்றால் இருக்கும். நெம்புகோலை இழுத்து விட்டால் தானே திரும்பிப் போக வேண்டும், பாதியில் நின்றால் வேண்டாம். இந்த வகைக் கேலிப்பரில் பிஸ்டனைச் சும்மா சி-கிளாம்ப் வைத்து அமுக்கினால் உள்ளே போகாது, திருகியபடி அழுத்த வேண்டும். இது தெரியாத மெக்கானிக் பலம் காட்டி உள் நட்டை உடைத்துவிடுவார்.

அடுத்தது லேத் வேலை. ஆம்னி ஹப்பில் போல்ட் வட்டம் 114.3 மி.மீ., இப்போதைய மாருதி ஹேட்ச்பேக் டிஸ்க்குகளில் 100 மி.மீ. டிஸ்க்கில் பழைய ஓட்டைகளுக்கு நடுவில் புதிதாகத் துளைக்க வேண்டும், நடுத் துளையும் ஹப்பில் இறுக்கமாக உட்கார வேண்டும். போல்ட்டை மட்டும் நம்பி டிஸ்க்கை நிறுத்தக் கூடாது. அம்பத்தூர், கிண்டி எஸ்டேட் பக்கம் இதைச் சுத்தமாகச் செய்து தரும் பட்டறைகளுக்குப் பஞ்சமில்லை. பாடியில் பிரேக்ஸ் இந்தியா, அம்பத்தூரில் ரானே பிரேக் லைனிங் என்று நாட்டுக்கே பிரேக் செய்யும் ஊர் இது, அந்தப் பக்கத்து டர்னர்களுக்குக் கேலிப்பரைத் தாங்கும் பிராக்கெட்டின் வரைபடம் காட்டினால் நமக்கே குறை சொல்லித் திருத்துவார்கள். பிராக்கெட்டை டிரம் பேக் பிளேட் உட்கார்ந்த அதே நான்கு போல்ட்டில் கட்டலாம். 10 மி.மீ. தகடு, 10.9 தரப் போல்ட். வெல்டிங்கில் பிராக்கெட்டை ஆக்ஸிலோடு ஒட்டித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் வேறு பட்டறை பாருங்கள். எல்லாம் மாட்டியபின் டயல் கேஜ் வைத்து டிஸ்க்கைச் சுற்றிப் பாருங்கள், ஆட்டம் 0.05 மி.மீ.-க்குள் இருக்க வேண்டும். அதைத் தாண்டினால் டிஸ்க் பேடைத் தள்ளித் தள்ளி விலக்கிவைக்கும். அடுத்த மிதி காற்றில் போகும்.

பைப் மாட்டும்போது ஒரு விஷயம். எம்10 ஒரு மி.மீ. பிட்ச் மரையும், பெரும்பாலான ரேஸ் சாமான்களில் வரும் 3/8 யூஎன்எஃப் மரையும் பார்க்க ஒன்று போலவே இருக்கும். ஒன்றில் மற்றதைத் திருகினால் சில சுற்று ஏறவும் ஏறும், ஸ்பேனரில் இறுக்கமாகவும் தெரியும். பிரேக் அழுத்தம் ஏறும்போது பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். கையால் கடைசி வரை ஏறாத நட்டை ஸ்பேனரால் ஏற்றாதீர்கள். செம்புக் குழாய் வளைக்கச் சுலபம் என்று கொடுப்பார்கள், வாங்க வேண்டாம், அதிர்வில் கீறல் விடும். இரும்புப் பைப்போ நிக்கல் கலந்த செம்புப் பைப்போ போதும்.

ஆயில் ஊற்றி ஏர் எடுக்கும் முன் கேலிப்பரைப் பாருங்கள், காற்றை வெளியேற்றும் நிப்பிள் மேலே இருக்க வேண்டும். இடதையும் வலதையும் மாற்றி மாட்டினால், அல்லது கேலிப்பரை ஆக்ஸிலுக்கு முன்பக்கமிருந்து பின்பக்கம் நகர்த்தினால், நிப்பிள் கீழே போய்விடும்; காற்று மேலே தங்கும், நாள் முழுக்க ஏர் எடுத்தாலும் பெடல் மெத்தென்றே இருக்கும்.

ஆயில் டாட் 4 (டாட் என்பது பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) போதும், புதிதாக, மூடி திறக்காத டப்பாவிலிருந்து. ஈரமில்லாத டாட் 4 குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது, சுமார் 3.7 சதவீதம் தண்ணீர் சேர்ந்துவிட்டால் அந்த வரம்பு 155 டிகிரிக்கு இறங்கிவிடும். பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை இழுத்துக்கொள்ளும், சென்னைக் காற்றில் ஈரத்துக்கு எப்போது குறை? ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் ஒருமுறை மாற்றிவிடுங்கள். டாட் 5 என்று சிலிக்கான் ஆயில் ஒன்று உண்டு, பெயரைப் பார்த்து உயர்ந்தது என்று நினைத்துக் கலந்துவிடாதீர்கள். டாட் 5.1 வேறு, அதைத் தாராளமாக ஊற்றலாம்.

பேடு வாங்கும்போது முன்னும் பின்னும் ஒரே கம்பெனி, ஒரே ரகம். பின்னால் மட்டும் ரேஸ் பேடு போட்டால் மேலே போட்ட கணக்கெல்லாம் வீண், பிஸ்டனைப் பெரிதாக்கியதற்கும் அதற்கும் வித்தியாசமில்லை. அதோடு ரேஸ் பேடுக்குப் பிடிக்கச் சூடு வேண்டும். இவ்வளவு லேசான காரின் பின் டிஸ்க் அந்தச் சூட்டை எட்டுமா என்பதே சந்தேகம்.

ரோட்டில் ஓடும் கார் வைத்திருப்பவர்கள் யாராவது இதைப் படித்தால்: மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவும், உற்பத்தியாளரின் மூல அமைப்பை மாற்றக் கூடாது என்ற 2019 ஜனவரி உச்ச நீதிமன்றத் தீர்ப்பும் இருக்கின்றன. சக்கரம் லாக் ஆகாமல் தடுக்கும் ஏபிஎஸ் உள்ள காரில் பிஸ்டன் அளவை மாற்றினால் அதன் கணக்கும் கெடும். உங்களுக்கு நல்ல ஷூவும் புது ஆயிலும் போதும், விட்டுவிடுங்கள்.

வேளச்சேரி நண்பருக்கு முதல் நாள் சோதனை. வால்வைப் பின் அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்படி திருப்பி வைத்துக்கொண்டு தொடங்குங்கள். காலியான, அகலமான இடத்தில் 40 கி.மீ. வேகத்தில் நேராக வந்து மிதியுங்கள், நண்பர் ஒருவர் பக்கவாட்டில் தள்ளி நின்று எந்தச் சக்கரம் முதலில் நிற்கிறது என்று பார்க்கட்டும். பிறகு 60, 80. பின் சக்கரம் முதலில் நிற்கும் வரை வால்வைச் சிறிது சிறிதாகத் திறந்து, அங்கிருந்து இரண்டு சுற்று பின்வாங்குங்கள். டிராக்கில் பத்து நிமிடம் ஓட்டிவிட்டு வந்ததும் டெம்பரேச்சர் கன்னால் நான்கு டிஸ்க்கையும் அளந்து எழுதுங்கள். முன் டிஸ்க் 300 காட்டும்போது பின் டிஸ்க் 100-ஐக் கூடத் தொடவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் திறக்க இடமிருக்கிறது. இடது வலது இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரிந்தால் வால்வைத் தொடாதீர்கள். ஏதோ ஒரு ஸ்லைடிங் பின் சிக்கியிருக்கிறது, அல்லது ஹேண்ட் பிரேக் கேபிள் முழுதாக விடவில்லை.